நிக்கிறேன்

பிப்ரவரி 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்க ரேடியோ எழுதுறேன். சின்ன வயசுல மூச்சு விடாம கத்திப் பேசுறேன்னு நீங்க வெச்ச பேரு, இப்ப ஆஃபீஸ் வரைக்கும் ஒட்டிக்கிச்சு. நீங்களும் பெரியம்மாவும் சௌக்கியமா? முட்டி வலி குறைஞ்சுதா? இங்க அம்மா, அப்பா, நான் மூணு பேரும் நல்லா இருக்கோம். அப்பா கேட்டதா எழுதச் சொன்னாரு. (சொன்னாருன்னு சொல்ல முடியாது. "பெரியப்பாவுக்கு எழுதப் போறேன், கேட்டதாப் போடவா"ன்னேன். தலை ஆடுச்சு.)

இந்தக் காலத்துல லெட்டரான்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கலாய்க்கிறாங்க. தபால் ஆஃபீஸ்ல ஸ்டாம்ப்பை எந்தப் பக்கம் ஒட்டணும்னு கேட்டதுக்கு கவுன்டர் அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. என்ன பண்றது, நீங்கதான் போன் எடுக்க மாட்டீங்களே. "அரசியல்ல இருந்தவன் போன்ல பேசக் கூடாது, எதுவா இருந்தாலும் எழுதிக் குடு." இந்த டயலாக்கே எனக்கு மாஸாத்தான் இருக்கு.

ரெண்டு விஷயம். ஒண்ணு, இணையக் கலைக்களஞ்சியத்துல உங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டுட்டேன்! யாரு வேணாலும் எழுதலாம், யாரு வேணாலும் திருத்தலாம்ன்ற தளம். வீடியோ பாத்துப் பாத்து நானே கத்துக்கிட்டேன். நீங்க அச்சகத்துல மிஷின் மேன், அப்புறம் சங்கச் செயலாளர், கவுன்சிலர், ரெண்டு தடவை சட்டமன்ற உறுப்பினர்னு எல்லாம் போட்டாச்சு. "சுவையான தகவல்கள்"னு ஒரு பகுதியும் வெச்சிருக்கேன். மனு எழுத்துல இருந்தாத்தான் வாங்குவீங்க. யாரு என்ன கேட்டாலும் ரெண்டு தடவை சொல்ல வெச்சுப் பொறுமையாக் கேப்பீங்க. ஆளை வலது பக்கம்தான் உக்கார வெப்பீங்க, அது மரியாதைக்கு. லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பினேன், இப்படி ஒரு லீடர் இருந்தாரான்னு கமெண்ட்ல ஒரே ஹார்ட்டு.

அப்புறம் அந்த ஓட்டு, எந்திரிச்சு நின்னு போடுற ஓட்டு. சட்டமன்றத்துக்கு அரசு அச்சகத்தை மூடுற மசோதா வந்தப்ப, ஆளுங்கட்சியில இருந்துக்கிட்டே, மூடக் கூடாதுன்னு எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தத்துக்கு ஒத்தை ஆளா எந்திரிச்சு நின்னீங்களே, அது. சபாநாயகர் நிக்கிறீங்களான்னு கேட்டாரு. நீங்க சொன்னது ஒரே வார்த்தை: "நிக்கிறேன்." ஒரு ஓட்டுல ஜெயிச்சுது. எழுநூறு பேர் வேலை பதினோரு வருஷம் பொழைச்சுது. அதுல பைண்டிங்ல இருந்த எங்கப்பாவும் ஒருத்தர். நான் ஸ்கூல் போனது, அப்புறம் அப்பா பென்ஷன்ல காலேஜ் போனது எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலதான்.

இப்ப கடுப்பைக் கேளுங்க. "முற்றுப்புள்ளி"ன்னு ஒரு ஆளு. அதான் அவன் தளத்துல வெச்சிருக்கிற பேரு. "மனசாட்சிப்படி வாக்களித்தார்"னு நான் எழுதுனதுக்குப் பக்கத்துல "சான்று தேவை"ன்னு ஒட்டிட்டான். "பார்வையாளர் மாடமே கைதட்டலால் அதிர்ந்தது"ன்றதுக்கும் சான்று தேவையாம். மனசாட்சிக்கு எங்க போய் சான்று வாங்குறது? நீங்க நாலு வரி எழுதிக் குடுங்க பெரியப்பா.

ரெண்டாவது விஷயம். உக்காந்துக்கிட்டுப் படிங்க. நான் வார்டு தேர்தல்ல நிக்கப் போறேன். சுயேச்சை! மே மாசம் மனு தாக்கல். சின்னம் வரல, ஆனா ஸ்டிக்கர் வந்துடுச்சு. மஞ்சள்ல கறுப்பு எழுத்து, ஒரே வார்த்தை. என்ன வார்த்தைன்னு சொல்லணுமா?

உடம்பைப் பாத்துக்கோங்க. பதில் போடுங்க.

உங்க ரேடியோ

*

பிப்ரவரி 20

அன்பு மகள் ரேடியோவுக்கு,

உன் கடிதம் கண்டேன். இங்கே இருவரும் நலம். முட்டி அதன் போக்கில் இருக்கிறது, நான் என் போக்கில் இருக்கிறேன். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். உன் அப்பா எப்படி இருக்கிறான்? அவன் கண்ணுக்கு மருந்து விடுகிறானா?

நீ தேர்தலில் நிற்பதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "இந்த வீட்டுக்கு ஒண்ணு போதாதா" என்றாள். வாழ்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்.

பக்கத்துக்குத் தேவையான விவரங்கள் கேட்டிருந்தாய். பதினெட்டு வயதில் அச்சகத்தின் மிஷின் ஹாலில் சேர்ந்தேன். பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆகவே எங்களுக்குள் கை ஜாடைதான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. விரலைச் சுற்றினால் ஓட்டு. வயிற்றைத் தொட்டால் டீ. சங்கத் தேர்தலில் என்னை நிறுத்தியதே ஜாடையில்தான். வேண்டாம் என்று நான் கை காட்டினேன், அவர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

சட்டமன்றத்தில் என் முதல் பேச்சு நான்கு நிமிடம். அதில் மூன்று நிமிடம் வணக்கம். இரண்டாம் முறை இன்னும் அதிக ஓட்டில் ஜெயித்தேன். அதன்பின் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்று தோற்றேன். இதெல்லாம் எழுது, இதற்கெல்லாம் சான்று உண்டு.

அந்த வாக்கெடுப்பைப் பற்றி அதிகம் எழுதாதே. ஒரு வரி போதும். அந்த முற்றுப்புள்ளிக்காரனை வையாதே. அவன் கேட்பது நியாயம்தான்.

ஸ்டிக்கரில் வேறு வார்த்தை போட முடியாதா?

உடம்புக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்.

உன் பெரியப்பா

*

பிப்ரவரி 27

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சௌக்கியமா? பெரியம்மா சௌக்கியமா? இங்க எல்லாரும் நலம். அப்பா கண்ணுக்கு மருந்து விடுறாரு, நீங்க கேட்டீங்கன்னு சொன்னேன், "ம்"னாரு.

வேற வார்த்தையா! ஆயிரம் ஸ்டிக்கர் அடிச்சாச்சு பெரியப்பா. உங்க அடக்கம் எனக்குப் புரியுது, ஆனா அடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு. கை ஜாடை மேட்டரைப் பக்கத்துல போட்டதும் பிச்சுக்கிட்டுப் போகுது.

சட்டமன்ற நூலகத்துக்கு லீவு போட்டுப் போனேன். அன்னைக்கு நடவடிக்கைக் குறிப்பு அச்சுல இருக்கு! அப்படியே எழுதுறேன்:

"பேரவைத் தலைவர்: முன்வரிசை உறுப்பினர் நிற்கிறாரா? உறுப்பினர்: நிற்கிறேன். (குறுக்கீடு.) மறு எண்ணிக்கை கோரப்பட்டது. மறு எண்ணிக்கையிலும் திருத்தம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது."

"நிக்கிறேன்"ஐ "நிற்கிறேன்"னு திருத்தி வெச்சிருக்காங்க, பாவிங்க! இதைக் கொண்டுபோய் முற்றுப்புள்ளிகிட்ட குடுத்தேன். "நின்றதற்குச் சான்று கிடைத்தது, நன்றி. மனசாட்சிக்கு இன்னும் வரவில்லை"ன்னு பதில் போடுறான். நக்கலைப் பாத்தீங்களா?

அதனால கேக்குறேன். எந்திரிச்சப்ப மனசுல என்ன ஓடுச்சு? அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் எழுதுங்க. அப்பாவும் அன்னைக்குப் பார்வையாளர் மாடத்துல இருந்தாராமே, அம்மாதான் சொன்னாங்க. அப்பாகிட்ட கேட்டா பேப்பர்ல அடுத்த பக்கத்துக்குப் போயிடுறாரு. உங்க ரெண்டு பேருக்கும் பேசுறதுக்கு ஏதாவது வரி போட்டிருக்காங்களா?

இன்னொண்ணு! பழைய ஒலிநாடா எல்லாம் இருக்காம், ஒண்ணொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்காங்களாம். மனு போட்டிருக்கேன். எழுத்துலதான்!

பனியில நனையாதீங்க.

உங்க ரேடியோ

*

மார்ச் 30

அன்பு மகள் ரேடியோவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பெரியம்மாவுக்குச் சளி, பிறகு எனக்குச் சளி. இப்போது இருவரும் நலம். உன் அப்பா நலமா?

வார்டில் சாக்கடை எந்தத் தெருவில் அடைக்கிறது என்று நீயே நடந்து பார். கதவைத் தட்டினால் திறக்கும்வரை நில். வீட்டுக்காரர் பேசும்போது குறுக்கே பேசாதே. உனக்கு அது சிரமம்தான்.

ஒலிநாடாவை நம்பிக் காத்திருக்காதே. அந்தக் காலத்து நாடாக்கள் பூஞ்சை பிடித்திருக்கும். ஒன்றும் சரியாகக் கேட்காது.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு அப்புறம் எழுதுகிறேன்.

உன் பெரியப்பா

*

ஏப்ரல் 5

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சளி போயிடுச்சா ரெண்டு பேருக்கும்? இங்க நலம். நான் மட்டும் தரையில இல்ல!

நாடா கிடைச்சுடுச்சு!! பூஞ்சையும் இல்ல ஒண்ணும் இல்ல. நூலகக்காரர் ஒரு நிமிஷம் ஓட விட்டுப் பாத்தாராம், "தண்ணி மாதிரி இருக்கும்மா, முன்வரிசை மைக்குங்க எல்லாம் பக்கத்துல குசுகுசுன்னு பேசுறதைக்கூட எடுத்திருக்கு"ன்னாரு. ரெண்டு வாரத்துல ஃபைல் அனுப்புறாங்க.

பிளானைக் கேளுங்க. மே பத்தாம் தேதி மனு தாக்கல். அன்னைக்குச் சாயங்காலம் அச்சக ஓய்வூதியர் சங்க ஹால்ல கூட்டம். பெரிய ஸ்பீக்கர் வெச்சு, நடுவுல நாடாவைப் போடப் போறேன். உங்க குரல்! "நிக்கிறேன்"! அந்த எழுநூறு பேர்ல இருக்கிறவங்க எல்லாரும் வர்றாங்க. நான் முன்னாடியே கேக்க மாட்டேன் பெரியப்பா. அவங்களோட சேந்து முதல் தடவையாக் கேக்கணும். சத்தியம் பண்ணிட்டேன்.

நீங்க வந்தே ஆகணும். மேடையில உங்களுக்கு வலது பக்கம் நான் உக்காருவேன். காரு ஏற்பாடு பண்ணவா? உடனே பதில் போடுங்க. இந்தத் தடவை சளி பிடிக்கக் கூடாது.

உங்க ரேடியோ

*

ஏப்ரல் 24

அம்மாடி ரேடியோ,

நல்லா இருக்கியா? பெரியம்மா எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ. நான் நல்லா இருக்கேன். அவரு இல்ல.

உன் லெட்டர் வந்த நாள்ல இருந்து சரியாச் சாப்பிடல. மேஜையில உக்காந்து எழுதுறாரு, கிழிக்கிறாரு. என்னன்னு கேட்டா "மே பத்துக்கு இன்னும் எத்தனை நாளு"ன்றாரு. காலண்டரு முன்னாடியே நிக்கிறாரு. டாக்டரைக் கூப்பிடவான்னா வேணாம்ன்றாரு. நீ என்னம்மா எழுதுன? ஏதாவது மனசு நோகுற மாதிரி எழுதிட்டியா? நீயும் அஞ்சாம் தேதிக்கு அப்புறம் ஒண்ணும் எழுதல. நீ சும்மா இருக்கிறவ இல்லையே. உனக்கும் உடம்பு சரியில்லையா?

அவருக்குத் தெரியாம எழுதுறேன். அப்பாவுக்கும் சொல்லாத.

பெரியம்மா

*

மே 3

அன்பு மகள் ரேடியோவுக்கு,

நலமா என்று கேட்கும் தைரியம் இன்று இல்லை. நலமாக இரு.

இது ஏழாவது தாள். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், பத்தாம் தேதிக்குள் சேர்ந்துவிடும். அந்த நாடாவைக் கூட்டத்தில் போடாதே. போட்டால் என்ன கேட்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காது கேட்காது. மிஷின் ஹாலில் போனது. இடது காது முழுதாக, வலது காது முக்கால். அதனால்தான் வலது பக்கம் உட்காரச் சொன்னது. அதனால்தான் எழுதிக் கொடு என்றது. இரண்டு முறை சொல்லவைத்தது பொறுமை இல்லை, முதல்முறை விழவில்லை. போன் எடுக்காததற்கும் அதுதான் காரணம். செவிடனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று மறைத்தேன். பெரியம்மாவுக்குத் தெரியும். மிஷின் ஹால்காரர்கள் சிலர் யூகித்திருக்கலாம். சிறு வயதில் நீ கத்திப் பேசுவாய் என்றுதான் உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அன்றைக்குக் காலையில் கட்சிக் கொறடா தாழ்வாரத்தில் என் வலது காதில் சொன்னார்: "ரெண்டு தடவை கேப்பாங்க. மொதல்ல எதிர்க்கட்சித் திருத்தம், உக்காந்திருங்க. ரெண்டாவது நம்ம மசோதா, எந்திரிங்க." சரி என்றேன். ஆனால் எதிர்க்கட்சி கடைசி நேரத்தில் இன்னொரு திருத்தம் கொடுத்திருந்தது. சபாநாயகர் அதை அறிவித்தாராம். எனக்கு விழவில்லை. முதல் கேள்விக்கு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதற்கு எழுந்தேன். அது நம் மசோதா இல்லை, அவர்களுடைய இரண்டாவது திருத்தம். எங்கள் ஆட்கள் எல்லாரும் எனக்குப் பின்னால். அவர்கள் எழாதது எனக்குத் தெரியாது. எதிர்வரிசை எழுந்ததைப் பார்த்தேன். வழக்கம்போல வெளிநடப்புச் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

சபாநாயகர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். உதட்டைப் பார்த்தேன். "நிக்கிறீங்களா?" அந்த வாரம் முழுக்க எல்லாரும் என்னைக் கேட்டது அதுதான். வேட்பாளர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அன்று காலை அவரே சிரித்துக்கொண்டு, "அடுத்த தடவையும் நிக்கிறீங்கல்ல?" என்றிருந்தார். சபையில் இதை ஏன் கேட்கிறார் என்று தோன்றியது. இருந்தாலும், "நிக்கிறேன்" என்றேன். பின்னால் திரும்பிக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது, அதுவும் மைக்கில் விழுந்திருக்கும்.

அவ்வளவுதான் அந்த வார்த்தை. நீ ஆயிரம் ஸ்டிக்கர் அடித்த வார்த்தை.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. நான் எழுந்தது எதற்கு என்று பார்த்தாயா? அச்சகத்தை மூடும் மசோதாவுக்கு. என் மிஷினை, என் ஆட்களை, என் தம்பியை வெளியே அனுப்புவதற்கு. அடுத்த முறையும் சீட்டு வேண்டும் என்று, தெரிந்து, யோசித்து எழுந்தேன். மாடத்தில் உன் அப்பா உட்கார்ந்திருக்கிறான் என்றும் தெரியும்.

பிறகு மறு எண்ணிக்கை கேட்டார்கள். உறுப்பினர்களை அழைக்க மூன்று நிமிடம் மணி அடித்தது. கொறடா ஓடிவந்து காதில் கத்தினார்: "தெரியாம எந்திரிச்சுட்டேன்னு உக்காந்துடுங்கய்யா. முடிஞ்சுது." மேலே பார்த்தேன். மாடத்தில் பேசக் கூடாது. உன் அப்பா கம்பிக்குப் பின்னால் ஒரு விரலைச் சுற்றினான். ஓட்டு.

நான் மறுபடி எழுந்தேன். ஏன் என்று கேட்காதே. உட்கார்ந்தால் செவிடன் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தது. தம்பியின் விரலும் இருந்தது. எது எழுப்பியது என்று இருபத்தோரு வருடமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. முற்றுப்புள்ளிக்காரன் கேட்கும் சான்று என்னிடமே இல்லை.

அதன்பின் அந்த மனிதர்கள் வாரம் தவறாமல் வந்து என் கையைப் பிடித்தார்கள். உன் அப்பா மட்டும் வரவில்லை.

உன் பெரியப்பா

*

மே 16

அன்பு மகளுக்கு,

நலமா? பத்தாம் தேதி போய்விட்டது. செய்தித்தாளில் உன் மனு ஏற்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. வேறொன்றும் இல்லை. என் கடிதம் சேர்ந்ததா? நாடா போட்டாயா?

திட்டியாவது எழுது. எழுத்தில் திட்டினால் எனக்கு நன்றாகக் கேட்கும்.

பெரியப்பா

*

மே 19

பெரியப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். நீங்க சாப்பிடுறீங்களா? பெரியம்மா ஒரு லெட்டர் போட்டிருந்தாங்க, கோச்சுக்காதீங்க அவங்களை.

உங்க லெட்டர் ஏழாம் தேதி வந்துச்சு. ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்.

ஃபைல் ஏப்ரல் இருபதாம் தேதி வந்துச்சு. சத்தியம் பண்ணேன்ல, முன்னாடி கேக்க மாட்டேன்னு? ரேடியோவுக்கு ஏது பொறுமை. ஆஃபீஸ் படிக்கட்டுல உக்காந்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். "நிக்கிறேன்." புல்லரிச்சுது. அடுத்த செகண்டே உங்க குரல், மெதுவா, பின்வரிசைக்காரர்கிட்ட: "அடுத்த தேர்தலைப் பத்தி இப்ப எதுக்குக் கேக்குறாரு?" அவரு, "யோவ், நீ அவங்க திருத்தத்துக்கு எந்திரிச்சு நிக்கிறய்யா!" நீங்க, "நம்ம மசோதான்னு நினைச்சேனே."

அச்சுல "குறுக்கீடு"ன்னு போட்டிருந்தது இதைத்தான்.

நான் யாருக்கும் சொல்லல. உங்களுக்கும் எழுதல. நீங்களா சொல்வீங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அது ஒரு மாதிரி கொடுமைதான், தெரியும். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பேன். வந்தா என்ன இருக்கும்னு பயம், வரலைன்னா அதைவிட பயம்.

பத்தாம் தேதி ஹால் ஃபுல். "போடும்மா, போடும்மா"ன்னு முன்வரிசைத் தாத்தாங்க எல்லாம் காதுக்குப் பின்னாடி கையைக் குவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் "ஸ்பீக்கர் ரிப்பேர்"னு சொன்னேன். மனு தாக்கல் பண்ணி ஆறு மணி நேரத்துல முதல் பொய். அரசியல்ல நல்லா வருவேன் போல.

காது கேக்காததை மறைச்சது எனக்கு ஒண்ணுமே இல்ல பெரியப்பா. நீங்க மூடுறதுக்கு எந்திரிச்சீங்கன்றதுதான் இன்னும் தொண்டையில நிக்குது. அன்னைக்கு எனக்கு ஒரு வயசு. அந்த ஒரு கொசுறுத் திருத்தம் வராம இருந்திருந்தா எங்க வீடு என்ன ஆயிருக்கும்? இதை மன்னிச்சுட்டேன்னு எழுத ஆசைதான். வரல. பொய் எழுத மாட்டேன்.

ஆனா ஒண்ணு கேளுங்க. உங்களுக்குத் தெரியாத ஒண்ணு நாடாவுல இருக்கு.

நீங்க "நிக்கிறேன்"னு சொன்னப்ப யாருமே கை தட்டல. மாடத்துல ஒரு சத்தம் இல்ல. அப்புறம் மணி. மறு எண்ணிக்கை. அதுல உங்க குரல் கிடையாது, ஒரு பெஞ்சு மட்டும் கிறீச்சுன்னுது. அதுக்கு அப்புறம்தான், மாடத்துல இருந்து ஒரே ஒரு ஆள் கை தட்டுறாரு. ஒருத்தர்தான். பிறகுதான் மத்தவங்க. சபாநாயகர் "மாடத்தில் அமைதி"ன்றாரு, கைதட்டு நிக்கவே இல்ல. அந்தக் கிறீச்சை நான் எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கே இல்ல.

நேத்து ஹெட்ஃபோனை அப்பா காதுல மாட்டி விட்டேன். கேட்டு முடிச்சாரு. "மொதல்ல கை தட்டினது யாருப்பா?"ன்னேன்.

"நான்தான்."

"மொத தடவை ஏன் தட்டல?"

"எங்க அண்ணனுக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் எதுக்கு எந்திரிச்சான்னு மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மொத தடவை எங்களை மூடுறதுக்கு எந்திரிச்சான். ரெண்டாவது தடவை எங்களுக்காக எந்திரிச்சான். ரெண்டுல எதை வெச்சுக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"நீங்க விரலைச் சுத்தினீங்களாமே?"

அப்பா அப்படியே என்னைப் பாத்தாரு. "அவன் அதைப் பாத்தானா?"

உங்க லெட்டரைக் கையில குடுத்தேன். அந்த வரியை மட்டும் படிச்சாரு. திரும்பப் படிச்சாரு. அப்புறம் பைண்டிங்ல மடிப்பாரே, அந்த மாதிரி கட்டைவிரல் நகத்தால ஓரத்தை அழுத்தி மடிச்சு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. இன்னும் திருப்பித் தரல.

மே இருபத்தொன்பது வாபஸ் வாங்கக் கடைசி நாள். ஸ்டிக்கர் மூட்டை கட்டில் அடியில கிடக்கு. பக்கத்துல என்ன எழுதட்டும்? உண்மையை எழுதுனா அந்தத் தாத்தாங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? எழுதலைன்னா எப்படி ஓட்டுக் கேப்பேன்? சொல்லுங்க பெரியப்பா, நான் நிக்கவா, வேணாமா?

ரேடியோ

*

மே 24

அன்பு மகள் ரேடியோவுக்கு,

நலம். நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். பெரியம்மா உன்னை மன்னித்துவிட்டாள்.

உன் கடிதத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்து, கைதட்டல் வரும் இடத்தை என் வலது காதில் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நான்காவது முறை, "கண்ணு நல்லாத்தானே தெரியுது, நீங்களே படிங்களேன்" என்று கோபித்துக்கொண்டாள். முதல்முறைக்கே தட்டினார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு அன்று ஒரு சத்தமும் விழவில்லை. யாரோ தட்டினார்கள் என்று பிறகு சொன்னார்கள், எப்போது என்று நான் கேட்கவில்லை.

நீ மன்னிக்காதது சரி. அவசரப்படாதே.

பக்கத்தில் எல்லாவற்றையும் போடு. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஹாலில் நானே சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஞாயிறு கூட்டம் போடு. நீ தேர்தலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறேன். ஸ்பீக்கர் ரிப்பேர் என்று இன்னொரு தடவை சொல்லாதே. அவர்கள் எழுந்து போனால் போகட்டும். அது வெளிநடப்பு என்று இந்த முறை எனக்குப் புரியும்.

நிற்கவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு என் பதில் கிடையாது. கேள்வி காதில் விழாமல் இல்லை. ஒருமுறை இதே கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னவன் நான்.

உன் அப்பாவிடம் இருந்து நேற்று ஓர் உறை வந்தது. உள்ளே மடித்த தாள் ஒன்றுதான். வெளிப் பக்கம் வெள்ளை, ஓரம் நகத்தால் அழுத்தி மடித்தது. அதைப் பிரிக்காமல் மேஜையில் வைத்திருக்கிறேன்.

உன் பெரியப்பா

*

மே 29

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சௌக்கியமா? அவசரத்துல எழுதுறேன், தேர்தல் ஆஃபீஸ் வாசல்ல இருந்து. மணி மூணு அஞ்சு. மூணு மணிக்கு வாபஸ் நேரம் முடிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை ஹால் சொல்லியாச்சு. உங்களைக் கூட்டிட்டு வர அப்பாவே வர்றாராம். சனிக்கிழமை காலையில பஸ் ஏறுறாரு. அந்தத் தாளைப் பிரிச்சீங்களா இல்லையான்னு கேக்கச் சொன்னாரு. நிஜமாவே சொன்னாரு, வாயைத் திறந்து.

பக்கத்துல "மனசாட்சிப்படி"யை எடுத்துட்டேன். இப்ப ஒரே வரிதான்: "அந்த வாக்கெடுப்பில் அவர் இரண்டு முறை எழுந்து நின்றார்." மீதியை நீங்க பேசினப்புறம் சேத்துக்கலாம். நாடாவுல எந்த நிமிஷம்னு சான்று குடுத்தேன். முற்றுப்புள்ளி ஒண்ணும் ஒட்டல.

ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் எந்திரிச்சுப் போவாங்களோ. ஸ்டிக்கர் மூட்டையை வெளியே எடுத்திருக்கேன். எடுத்துக்கிட்டு வர்றதா வேணாமான்னு நீங்க பேசி முடிச்சப்புறம் அவங்களே சொல்லட்டும்.

வாபஸ் கவுன்டர்ல இருந்த அதிகாரி தலையைக்கூடத் தூக்காம ஏதோ கேட்டாரு. எனக்குச் சரியா விழல. "சார், இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னேன். சொன்னாரு. முழுசாக் கேட்டுட்டுத்தான் பதில் சொன்னேன்.

நிக்கிறேன்.

உங்க ரேடியோ